ஆஸ்திரேலியாவில் நர்ஸ் படிப்பு: உத்தியோகம் நிச்சயமா?

ஆஸ்திரேலியாவுக்குச் சென்று நர்ஸ் படிப்புப் படிக்க விரும்பும் தம் புத்திரியைக் குறித்து ஒரு தகப்பனார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். உள்ள நிலத்தை ஈடு காட்டிப் பாங்கியில் கடன் வாங்கினால் மூன்று வருஷப் படிப்புக்கு வேண்டிய பணம் சேரும் என்றும், பட்டம் பெற்ற மறுநாளே உத்தியோகம் நிச்சயம் என்று ஏஜெண்டு ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்றும், அந்த வாக்கை நம்பி நிலத்தின் பத்திரத்தைப் பாங்கியில் கொடுக்கலாமா என்றும் அவர் கேட்கிறார். அவருடைய பெயரையும் ஊரையும் வெளியிட நாம் விரும்பவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கும் கேள்வியை நம் நாட்டில் ஆயிரக்கணக்கான தகப்பன்மார் தமக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியன்று அது. ஆகவே விஷயத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுதத் துணிகிறோம்.

ஆஸ்திரேலியாவுக்கு நர்ஸுகள் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அத்தேசத்துச் சர்க்கார் 2024-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியில், 2035-ம் வருஷத்துக்குள் முழு நேர ஊழியர் கணக்கில் 70,707 நர்ஸுகள் குறைவுபடுவார்கள் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஜனங்களுக்கு வயது ஏறுவதே இதற்கு முக்கியக் காரணம். முதியோர் விடுதிகளில் நடந்த அலக்ஷியங்களை விசாரித்த ராயல் கமிஷன் தன் அறிக்கையை 2021-ல் சமர்ப்பித்த பிறகு, சட்டமும் கடுமையாயிற்று. 2023 ஜூலை முதல் ஒவ்வொரு முதியோர் விடுதியிலும் இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரமும் ரிஜிஸ்தர் செய்யப்பட்ட நர்ஸ் ஒருவர் இருந்தாக வேண்டும். 2024 அக்டோபர் முதல் சராசரியாக முதியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 215 நிமிஷ பராமரிப்பும், அதில் 44 நிமிஷம் ரிஜிஸ்தர் நர்ஸின் கையாலும் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். சட்டமே இவ்வளவு ஆட்களைக் கோரும்போது உத்தியோகத்துக்கு என்ன பஞ்சம் என்று ஏஜெண்டுகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது.

ஆனால் ஒரு தேசத்துக்கு நர்ஸுகள் வேண்டியிருப்பது வேறு. ஒரு குறிப்பிட்ட வருஷத்தில், ஒரு குறிப்பிட்ட ஊரில், அநுபவமில்லாத ஒரு புதிய நர்ஸுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் ஒதுக்கப்பட்டிருப்பது வேறு. நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போதே வேலையில்லாத நர்ஸுகளும் காத்திருப்பது உண்டு. பக்கத்திலுள்ள நியூஸிலாந்தைப் பார்க்கலாம். 2023-ல் அயல்நாட்டு நர்ஸுகளை ஆவலுடன் வரவேற்ற அத்தேசத்தில், அடுத்த வருஷமே செலவைச் சுருக்க வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. 2024-லும் 2025-லும் அந்நாட்டிலேயே படித்துப் பட்டம் பெற்ற பலருக்குப் பொது ஆஸ்பத்திரிகளில் இடம் கிடைக்கவில்லை. இங்கிலாந்திலும் 2025-ல் இதே கூக்குரல் எழுந்தது. புதிதாகத் தேறியவர்கள் வேலையின்றித் தவிக்கவே, அவ்வாண்டு ஆகஸ்டில் சர்க்கார் தலையிட்டு அவர்களுக்கு இடம் தருவதாக உறுதிகூற நேர்ந்தது.

இவை எல்லாவற்றிலும் பெரிய படிப்பினை பிலிப்பைன்ஸ் தீவுகளின் சரித்திரத்தில் இருக்கிறது. இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில், அமெரிக்காவுக்கு நர்ஸுகள் வேண்டும் என்ற செய்தி அத்தீவுகளில் காட்டுத் தீயைப்போல் பரவிற்று. மூலைக்கு மூலை நர்ஸ் கலாசாலைகள் முளைத்தன. வைத்தியப் பட்டம் பெற்ற டாக்டர்கள்கூட மீண்டும் மாணாக்கராகி, நர்ஸ் பட்டம் பெற்றுக் கப்பலேறக் காத்திருந்தார்கள். அச்சமயத்தில் அமெரிக்கா குடியேற்ற விஸாக்களின் வரிசையை நிறுத்தி வைத்தது. 2008-ல் பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. உள்நாட்டு ஆஸ்பத்திரிகளோ அவ்வளவு பேரை ஏற்கக்கூடிய நிலையில் இல்லை. அநுபவச் சான்று ஒன்று கிடைத்தால் போதுமென்று சம்பளமில்லாமல் வேலை செய்தவர்கள் பலர். ஆஸ்பத்திரிக்குத் தாமே பணம் கட்டி வேலை செய்தவர்களும் உண்டு. அந்த இளைஞர்களும் யுவதிகளும் புத்தியில் குறைந்தவர்களல்லர். படிப்புக்குச் சேரும் நாளில் திறந்திருந்த கதவு, படித்து முடிக்கும் நாளில் மூடியிருந்தது. அவர்கள் செய்த பிழை அவ்வளவுதான்.

ஆஸ்திரேலியாவின் கதவு எத்தன்மையது என்று இனிப் பார்ப்போம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரிடம் பயின்ற லூஸி ஆஸ்பர்ன் என்ற பெண்மணி, ஐந்து தோழியருடன் 1868-ல் ஸிட்னி நகரில் வந்து இறங்கினாள். அன்று முதல் நூறு வருஷங்களுக்கு மேலாக அத்தேசத்தில் நர்ஸ் என்பவள் ஆஸ்பத்திரியிலேயே தங்கி, ஆஸ்பத்திரியிலேயே உண்டு, சிறிது சம்பளமும் பெற்றுக்கொண்டு தொழில் கற்றாள். அவளைக் கசக்கிப் பிழிந்தார்கள் என்பது மெய். ஆனால் கற்று முடிக்கும்போது அவளுக்குக் கடனுமில்லை, வேலையில் பழக்கமுமில்லாமல் இல்லை. 1985-ல் நியூ ஸவுத் வேல்ஸ் மாகாணத்தில் தொடங்கி 1993-க்குள் தேசமெங்கும் இப்படிப்பு ஆஸ்பத்திரியை விட்டுச் சர்வகலாசாலைக்கு மாற்றப்பட்டது. தொழிலின் கௌரவம் உயர்ந்தது; அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் சம்பளம் வாங்கிப் படித்தவள் போய்ச் சம்பளம் கட்டிப் படிப்பவள் வந்தாள். அயல்நாட்டு மாணவி கட்டும் தொகையோ வருஷத்துக்கு 30,000 டாலருக்கு மேற்பட்டது. மூன்று வருஷச் செலவையும், சாப்பாடு வாடகை இவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நமது நாணயத்தில் ஐம்பது லக்ஷ ரூபாயைத் தாண்டிவிடும்.

அந்நாட்டுப் பிரஜைக்கு நிலைமை வேறு. 2021-ல் செய்த சீர்திருத்தத்தின்படி நர்ஸ் படிப்பில் சேரும் உள்நாட்டு மாணவி வருஷத்துக்கு 3,950 டாலர் கட்டினால் போதும் என்றிருந்தது; பிறகு விலைவாசிக்கேற்பச் சிறிது உயர்ந்திருக்கிறது. விக்டோரியா மாகாணத்தில் 2022-ல் ஏற்பட்ட திட்டமொன்றின்படி அவளுக்கு உதவித்தொகையும் கொடுத்தார்கள். பட்டம் பெறுவதற்கு ஆஸ்பத்திரிகளிலும் விடுதிகளிலும் குறைந்தது 800 மணி நேரம் சம்பளமின்றிப் பயிற்சி செய்தாக வேண்டும். வசதி குறைந்த உள்நாட்டு மாணவர்களுக்கு அந்த வாரங்களில் 2025 ஜூலை முதல் சர்க்கார் உபகாரப் பணம் தருகிறார்கள். நம் நாட்டுப் பெண்ணுக்கு அது இல்லை. இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் அவள் கூலிக்கு வேலை செய்யவும் கூடாது. பயிற்சிக் காலத்தில் அந்த 48 மணி நேர வேலைக்கும் போக முடியாதபடி அவளுடைய பகலும் இரவும் ஆஸ்பத்திரியில் கழிகின்றன. வாடகை மட்டும் நிற்பதில்லை. தகப்பனார் கணக்குப் போடும்போது இந்த வாரங்களை மறந்துவிடக் கூடாது.

பட்டம் பெற்றபின் முதல் வருஷமே மிகவும் முக்கியமானது. ஆஸ்திரேலியாவில் புதிய நர்ஸை முதல் வருஷத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து, மூத்தவர்களின் மேற்பார்வையில் பழக்கிவிடும் ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு மாகாணமும் இதற்குத் தனி விண்ணப்பம் வாங்கி ஆட்களைப் பொறுக்குகிறது. இந்த ஏற்பாடு சட்டப்படி கட்டாயமானதன்று. ஆனாலும் அநுபவமுள்ளவர் தேவை என்று விளம்பரம் செய்யும் ஆஸ்பத்திரிகள் யாவும் இதைத்தான் எதிர்பார்க்கின்றன. இதில் பிரஜைகளுக்கும் நிரந்தரக் குடிகளுக்கும் முதலிடம் கொடுப்பது பல இடங்களில் வழக்கம். தற்காலிக விஸாவில் இருப்பவர்களின் முறை பிற்பாடு வருகிறது. சில சமயம் வராமலே போகிறது. ஏஜெண்டுகளின் துண்டுப் பிரசுரங்களில் இந்தச் சமாசாரத்தைத் தேடினாலும் காண்பதரிது.

இதனால் நம் பெண்கள் வேலையில்லாமல் தெருவில் நிற்கிறார்கள் என்று நேயர்கள் எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலோருக்கு வேலை கிடைக்கவே செய்கிறது. எதிர்பார்த்த இடத்தில் கிடைப்பதில்லை என்பதே விஷயம். முதியோர் விடுதிகளிலும், தனியார் ஆஸ்பத்திரிகளிலும், நகரங்களிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் தள்ளியுள்ள சிற்றூர் ஆஸ்பத்திரிகளிலும் அவர்கள் தொடங்குகிறார்கள். படிக்கும்போதே முதியோர் விடுதிகளில் பணிப்பெண்களாக வேலை செய்து பழகியவர்களை அந்த விடுதிகளே நர்ஸாக வைத்துக்கொள்வதும் உண்டு. கேரளத்துப் பெண்களும், நேபாளத்துப் பெண்களும், பிலிப்பைன்ஸ் பெண்களும் இவ்வழியில்தான் பல்லாயிரம் பேர் நிலைபெற்றிருக்கிறார்கள். முதல் வருஷச் சம்பளம் மாகாணத்துக்கு மாகாணம் வேறுபட்டாலும் ஏறக்குறைய 70,000 டாலரும் அதற்கு மேலுமாக இருக்கிறது. இது கௌரவமான சம்பளம். கிழவர்களையும் கிழவிகளையும் பராமரிக்கும் வேலை தாழ்ந்தது என்று முகம் சுளிக்கும் நம்மவர் சிலர் உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல நமக்கு அவகாசமில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, பட்டம் பெற்று மூன்று மாதமாகாத நிலையில், நள்ளிரவில் ஒரு விடுதி முழுவதற்கும் தான் ஒருத்தியே ரிஜிஸ்தர் நர்ஸ் என்று நிற்பது சாமான்யமான பாரமன்று. மருந்து தவறினாலும் மூச்சு நின்றாலும் பதில் சொல்லவேண்டியவள் அவளே. யாரிடம் கேட்பது என்று தெரியாத அந்த இரவுகளுக்காகத்தான் மேற்பார்வையோடு கூடிய முதல் வருஷம் ஏற்பட்டது. அது வேண்டியவர்களுக்கே அது கிடைக்காமற் போகிறது.

அடுத்தபடி விஸா. இங்கேதான் ஏஜெண்டின் வாக்குறுதி அதிகமாக ஆட்டம் காண்கிறது. 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய சர்க்கார், நர்ஸ் முதலிய சில படிப்புகளில் தேறியவர்களுக்குப் படிப்புக்குப் பிந்திய தங்கும் காலத்தை இரண்டு வருஷம் கூட்டினார்கள். அதைக் காட்டி ஆட்களைச் சேர்த்தார்கள். ஒரே வருஷத்தில், 2024 ஜூலையில், அந்தச் சலுகை எடுக்கப்பட்டது. அதே தேதியில், முன்பு ஐம்பது வயது வரையில் இருந்த வரம்பும் பெரும்பாலோருக்கு 35-ஆகக் குறைக்கப்பட்டது. குடும்பத்தை விட்டு நடு வயதில் படிக்கச் சென்ற ஸ்திரீகள் பலர் இதனால் திகைத்துப் போனார்கள். மாணவர் விஸாவுக்கு விண்ணப்பக் கட்டணம் 710 டாலராக இருந்தது 2024-ல் 1,600 ஆயிற்று. 2025-ல் 2,000 ஆயிற்று. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 2022-ல் செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையின் பயனாக நம்மவர்களுக்குச் சிறிது பாதுகாப்பு உண்டு: இளங்கலைப் பட்டத்துக்கு இரண்டு வருஷமும், முதுகலைப் பட்டத்துக்கு மூன்று வருஷமும் தங்கி வேலை பார்க்கலாம். ஒரு தேசத்தின் மந்திரி தம் இஷ்டப்படி மாற்றும் விதியைவிட, இரு தேசங்கள் கையெழுத்திட்ட ஷரத்து உறுதியானது. நமது பிரதிநிதிகள் இப்படிப்பட்ட ஷரத்துக்களுக்காக இன்னும் வாதாட வேண்டும்.

நிரந்தரமாகக் குடியேறுவதற்குப் புள்ளிக் கணக்கு ஒன்று இருக்கிறது. குறைந்தபட்சம் 65 புள்ளி வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பட்டதாரி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 25, பட்டத்துக்கு 15, ஆஸ்திரேலியாவில் படித்ததற்கு 5, விவாகமாகாதவள் என்பதற்கு 10, ஆங்கிலத்தில் ஐயெல்ட்ஸ் பரீட்சையின் ஒவ்வொரு பகுதியிலும் 7 வாங்கினால் 10, ஆக 65. வாசற்படியைத் தொட்டுவிட்டாள். அழைப்பு வருவதும் வராததும் அந்தந்த வருஷத்து எண்ணிக்கையைப் பொறுத்தது. இதில் கவனிக்கவேண்டிய ஒரு நுட்பம் உண்டு. நர்ஸாக ரிஜிஸ்தர் செய்துகொள்ள, எழுத்துப் பகுதியில் மட்டும் 6.5 போதும் என்று 2025 மார்ச்சில் நர்ஸுகளின் போர்டு விதியைத் தளர்த்திவிட்டது. குடியேற்ற இலாகா அப்படித் தளர்த்தவில்லை. எனவே 6.5 வாங்கியவள் வார்டில் வேலை செய்யத் தகுதியுள்ளவள். புள்ளிக் கணக்கில் அவளுடைய ஆங்கிலத்துக்குச் சைபர். பட்டணத்தை விட்டு உள்நாட்டுப் பிரதேசங்களுக்குப் போகச் சம்மதித்தால் 15 புள்ளி அதிகம் கிடைக்கும். அங்கே ஐந்து வருஷ விஸா பெற்று, மூன்று வருஷம் வசித்தபின் நிரந்தர உரிமை கோரலாம். ஸிட்னியிலும் மெல்போர்னிலும்தான் இருப்பேன் என்று பிடிவாதம் செய்யாதவர்களுக்கு இவ்வழி நல்லது என்பது நமது அபிப்பிராயம்.

ஏஜெண்டுகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மாணவியைச் சேர்த்துவிட்டதற்கு அவர்களுக்குக் கலாசாலையிலிருந்து கமிஷன் கிடைக்கிறது. இது ரகசியமன்று, வியாபாரத்தில் குற்றமுமன்று. ஆனால் மாணவி சேரும்போது கமிஷன் உண்டு, அவளுக்கு வேலை கிடைக்கும்போது கமிஷன் இல்லை என்பதை நினைவில் வைத்தால், அவர்கள் எதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள், எதைப் பற்றிப் பேசுவதில்லை என்பது விளங்கும். ரிஜிஸ்தர் நர்ஸ் என்றும் என்ரோல்டு நர்ஸ் என்றும் அங்கே இரண்டு தரங்கள் உள்ளன. பின்னது இரண்டு வருஷத்துக்குட்பட்ட டிப்ளமோ படிப்பு. சம்பளமும் பொறுப்பும் குறைவு. குடியேற்ற வழிகளும் குறுகல். இரண்டையும் நர்ஸ் என்ற ஒரே சொல்லில் அடக்கி, மலிவானதைக் காட்டி உயர்ந்ததன் பலனைச் சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். முதுகலை வகுப்புகளிலும் இப்படி ஒன்று உண்டு: ஏற்கெனவே நர்ஸாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு வேறு, பிற பட்டதாரிகளை நர்ஸாக்கும் படிப்பு வேறு. அங்கீகரிக்கப்பட்ட படிப்புகளின் ஜாபிதா போர்டின் வசம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். அந்த ஜாபிதாவில் இல்லாத படிப்பைப் படித்தவள் தேறினாலும் நர்ஸாக மாட்டாள்.

இவ்வளவு பணம் செலவிடாமல் அதே இடத்தை அடைய வேறு வழி இல்லையா? உண்டு. நம் தேசத்திலேயே நான்கு வருஷம் பி.எஸ்ஸி. நர்ஸிங் படித்து, சில வருஷம் நல்ல ஆஸ்பத்திரியில் வேலை செய்து அநுபவம் பெற்றபின் போவதே அது. வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் நிறுவிய கலாசாலையில் 1946 முதலே இப்பட்டப் படிப்பு நடந்துவருகிறது. நர்ஸிங் பட்டப் படிப்பு இந்தியாவில் முதன்முதல் தொடங்கிய இடங்களில் அது ஒன்று. இப்படித் தேறியவர்கள் பெரும்பாலும் என்கிளெக்ஸ் என்னும் பரீட்சையை நம் தேசத்திலேயே எழுதி, பிறகு அடிலெய்டு நகரில் செய்முறைப் பரீட்சை ஒன்றுக்குப் போய்வந்தால் ஆஸ்திரேலியாவில் ரிஜிஸ்தர் ஆகலாம். இங்கிலாந்து, அயர்லாந்து, ஸிங்கப்பூர் முதலிய நாடுகளின் பரீட்சையில் தேறி அங்கே 1,800 மணி நேரம் வேலை பார்த்திருப்பவர்களுக்கு 2025 ஏப்ரல் முதல் அந்தச் செய்முறைப் பரீட்சையும் வேண்டாம் என்று சுருக்கு வழி வகுத்திருக்கிறார்கள். இதனால் வேறொரு விளைவும் உண்டு. அங்கே பெருங்கடனில் படித்துத் தேறும் புதியவளுடன், அநுபவம் நிறைந்த அயல்நாட்டு நர்ஸுகளும் அதே வேலைக்குப் போட்டியிடுகிறார்கள். அநுபவமுள்ளவளையே ஆஸ்பத்திரி விரும்பும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியிருக்க, உள்நாட்டில் படித்து உள்நாட்டிலேயே வேலை செய்யாமல் நம் பெண்கள் ஏன் கடல் கடக்கிறார்கள் என்று தேசபக்தர்கள் சிலர் வருத்தப்படுகிறார்கள். வருத்தப்படுமுன் அவர்கள் தனியார் ஆஸ்பத்திரிகளின் சம்பளப் புஸ்தகத்தைப் பார்க்க வேண்டும். 2011-லும் 2012-லும் கேரளத்திலும் பிற இடங்களிலும் நர்ஸுகள் வேலைநிறுத்தம் செய்ததற்குக் காரணம் சொற்பச் சம்பளமும், சான்றிதழ்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டு எழுதி வாங்கிய ஒப்பந்தங்களுமே. சுப்ரீம் கோர்ட்டு 2016 ஜனவரியில் இட்ட உத்தரவின்பேரில் அமைந்த கமிட்டி, ஐம்பது படுக்கைக்குக் குறைந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், இருநூறு படுக்கைக்கு மேற்பட்டவற்றில் சர்க்கார் சம்பளத்துக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும் என்றும் சிபார்சு செய்தது. சிபார்சு சிபார்சாகவே கிடக்கும் ஆஸ்பத்திரிகள் எத்தனை என்பதை அந்தந்த ஊர் ஊழியர்கள் கணக்கெடுத்து வெளியிட்டால் பெரும் உபகாரமாகும். விக்டோரியா மாகாணத்தில் இத்தனை நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற விகிதம் 2000-ல் ஏற்பட்டதும், 2015-ல் சட்டமானதும் மந்திரிகளின் தயாள குணத்தால் அல்ல. நர்ஸுகளின் சங்கம் விடாப்பிடியாகப் போராடிப் பெற்றது அது. நம் பெண்கள் அங்கே போய்ச் சம்பளத்தை மட்டுமல்ல, அந்தச் சங்கத்தையும் கண்டு வருகிறார்கள்.

கடிதம் எழுதிய தகப்பனாருக்கு நாம் சொல்வது இதுதான். உத்தியோகம் மறுநாளே நிச்சயம் என்ற வாக்கை நம்ப வேண்டாம். ஒரு வருஷம் வேலை தேடியும், முதியோர் விடுதியிலோ சிற்றூரிலோ தொடங்கியும், கடன் தவணையைக் கட்டக்கூடிய சக்தி உமக்கு உண்டானால், உமது பெண்ணுக்கும் அந்தத் தொழிலில் மனம் உண்டானால், அனுப்பலாம். பலர் அனுப்பி நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். நிலம் ஒன்றே ஆதாரமானால் முதலில் அவள் இங்கே பி.எஸ்ஸி. படிக்கட்டும். எதுவாயினும், சேரப்போகும் படிப்பு போர்டின் ஜாபிதாவில் இருக்கிறதா, சென்ற வருஷம் தேறிய அயல்நாட்டு மாணவிகளில் எத்தனை பேர் ஆறு மாதத்துக்குள் ரிஜிஸ்தர் நர்ஸாக வேலையில் அமர்ந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கலாசாலைக்கே நேரில் எழுதிக் கேட்டு, பதில் எழுத்தில் வந்தபிறகு பாங்கிக்குப் போகவும். பதிலின் நகலை நமக்கும் அனுப்பினால் பெயர்களை நீக்கிவிட்டு இதே பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.